வெட்டிய மரத்தின் நிழல்

சிலைடைத் தட்டில் பொருத்தி, அடிக்கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பியதும் மைக்ராஸ்கோப்பில் முதலில் தெரிந்தது மரம்தான். காசிநாதனுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அவனுடைய பழைய பித்தளை மைக்ராஸ்கோப்புக்கு விளக்கு கிடையாது, பகல் வெளிச்சத்தை நம்பித்தான் அதன் பிழைப்பு. தட்டுக்குக் கீழே இருக்கும் வட்டக் கண்ணாடி வானத்தைப் பிடித்து மேலே அனுப்பும். நடுவில் ஒரு வில்லை அதைக் குவிக்கும். அந்த வில்லை ஒரு நூல் உயரமாக நின்றுவிட்டால் போதும், ஜன்னலுக்கு வெளியே இருப்பதெல்லாம் கடுகளவாகச் சுருங்கி சிலைடின் மேலேயே வந்து படுத்துக்கொள்ளும். ஜன்னல் கம்பி, கம்பிக்குப் பின்னால் சங்கராபுரம் ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரம், சில நேரம் கிளையில் ஒரு காக்கா. ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிய மூளைத் திசுவின் நடுவே காக்கா வந்து உட்காருவதை முதன்முதலில் பார்த்தபோது அவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு அது தொல்லையாகிவிட்டது. வில்லையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் மரம் கரைந்துபோகும், திசு மட்டும் நிற்கும்.

கை தானாக வில்லையை இறக்கியது. மரம் கரையவில்லை.

இன்னும் இறக்கினான். திசுவின் புள்ளிகள்தான் மங்கின. மரம் முன்னைவிடத் தெளிவாக நின்றது. காற்றில் இலைக் கொத்துகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன, அடிமரத்தில் நெடுஞ்சாலைக்காரர்கள் அடித்த வெள்ளைப் பட்டைகூடத் தெரிந்தது. அழகாகத்தான் இருக்கிறது என்று நினைத்தான். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு ஞாபகம் வந்தது. அந்த மரத்தை வெட்டி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தான். வெறும் ரோடு. அந்தப் பக்கம் கரும்புத் தோட்டம், மேலே ஐப்பசி மாதத்து வெளுத்த வானம். ரோட்டோரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு அடிக்கட்டை மட்டும் இருந்தது.

மறுபடி குனிந்து பார்த்தான். மரம் இருந்தது.

காசிநாதன் கள்ளக்குறிச்சியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிற வாத்தியார். மற்ற வாத்தியார்கள் சாயங்காலம் டியூஷன் எடுத்தார்கள், சீட்டாடினார்கள். அவனுக்குப் பொழுதுபோக்கு கோழிக்கரு. அடையில் வைத்த முட்டையைப் பாதியில் எடுத்து உடைத்து, உள்ளே இருக்கும் கருவின் மூளையைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, சவரக் கத்தியால் வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயத்தில் முக்கிக் கிராம்பு எண்ணெயில் கழுவி எடுப்பான். பிறகு ஊருக்கு வெளியே தனியாக நிற்கும் அந்த வாடகை வீட்டின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்ப்பான். இன்னும் எதையும் கண்டிராத மூளை, எதையும் கேட்டிராத மூளை, ஒன்றுமே எழுதாத சிலேட்டைப் போல ஊதா நிறத்தில் அடுக்கடுக்காகக் கிடக்கும். அதைப் பார்க்கும்போது அவனுக்கு ஒரு நிம்மதி வரும். வீடெல்லாம் எப்போதும் கிராம்பு வாசனை அடிக்கும். "ஊருல அவனவன் முட்டைய ஒடச்சா ஆம்லெட் போடறான், எங்க வூட்டுக்காரரு மூளைய தேடிக்கினு இருக்காரு" என்று அம்சவள்ளி அவனைக் கிண்டல் செய்வாள். அவன் மனைவி. அவள் வாய் ஓயாமல் பேசுவதும் இவன் காதில் வாங்காமல் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுமாக நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இப்போது அவள் பேசுவதில்லை. உள்ளறைக் கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் மூச்சுவிடுகிறாளா என்று நின்று பார்ப்பது அவனுக்குப் பழக்கமாகியிருந்தது. அவள் ஒருத்திதான் அவனுக்கு மிச்சம். மைக்ராஸ்கோப்பில் இப்போது இருக்கும் சிலைடு எதனுடையது என்று அவளுக்குத் தெரிந்தால், அன்றைக்கே அவனை விட்டுப் போய்விடுவாள். அதுவும் அவனுக்குத் தெரியும்.

புரட்டாசி பிறந்த வாரத்தில் இட ஒதுக்கீடு கேட்டுத் தென்னார்க்காடு முழுக்கச் சாலை மறியல் நடந்தது. பஸ் கிடையாது, கடை கிடையாது, எங்கே பார்த்தாலும் ரோட்டுக்குக் குறுக்கே மரம். கோடாலியும் வடக்கயிறுமாகப் பையன்கள் கூட்டமாக வந்தார்கள். முன்னால் வந்த சக்கரவர்த்தி அவனுடைய பழைய மாணவன். வாசலில் நின்ற வாத்தியாரைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டுவிட்டு, சங்கராபுரம் பக்கம் மதகைத் தாண்டி இருக்கிற வேப்பமரத்தைச் சாய்க்கப் போவதாகச் சொன்னான்.

"அவ்ளோ தூரம் ஏம்பா போறீங்க? இதையே சாய்ங்க" என்றான் காசிநாதன்.

மறியலைப் பற்றி அவனுக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இருக்கவில்லை. அந்த நேரத்தில் அவன் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். மரம் போனால் ஜன்னலுக்கு நல்ல வெளிச்சம் வரும்.

மரம் விழுந்தது. அதன் தலை அவன் வீட்டு வாசலையே மூடிக்கொண்டது. மறியல் கூட்டமும் அங்கேயே அடுப்பு மூட்டி உட்கார்ந்துவிட்டது. மூன்றாம் நாள் அம்சவள்ளிக்கு வயிற்றைப் பிசைந்தது. ஐந்தாம் மாதம். கல்யாணமாகி எத்தனையோ கோயில் சுற்றி உண்டான கரு. சைக்கிளில் ஆள் அனுப்பிக் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு வாடகைக் காரை வரவழைத்தார்கள். அது தூரத்தில் மரத்தையும் கூட்டத்தையும் பார்த்ததும், கண்ணாடி உடையும் என்று பயந்து அப்படியே திரும்பிப் போய்விட்டது. மதகைத் தாண்டி வேப்பமரம் விழுந்திருந்தால் அந்தக் கார் வாசலுக்கே வந்திருக்கும்.

அன்றைக்கு வீட்டில் இருந்த ஒரே பெண்துணை மூக்காயி. கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கத்துக்காரி. மாதம் ஒருமுறை சாமையும் முட்டையும் கொண்டுவந்து விற்பாள். காசிநாதனுக்கு அடைக்கு ஆகிற முட்டையாகப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் கரித்துண்டால் ஒரு கோடு கிழித்துத் தருவாள். பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுப் பின்கட்டில் தங்கியிருந்தாள். அவள்தான் எல்லாம் பார்த்தாள். கடைசியில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒன்றை, கூட ஒரு கரித்துண்டும் வைத்து, காசிநாதன் கையில் கொடுத்தாள்.

"பொம்பளப் புள்ள சார். பெத்தவ கண்ணுல காட்டாதீங்க. அப்பன் கையாலதான் பொதைக்கணும். அந்த மரத்து வேருல வெச்சுடுங்க."

"மரந்தான் போயிடுச்சே?"

"மரம் போனா இன்னா? வேரு உசுரோடதான இருக்குது. அது பாத்துக்கும்."

காசிநாதன் துணியைக் கொண்டுபோனான். பின்பக்கம் சுற்றிக்கொண்டு போகும் வழியில் அவனுடைய மேஜை இருக்கும் அறை. துணி உள்ளங்கையில் இன்னும் சூடாக இருந்தது. துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் துக்கத்துக்கு அடியில் இன்னொன்று தலையைத் தூக்கியது. இத்தனை வருடம் கோழி மூளை. இனி இப்படி ஒன்று எந்தக் காலத்திலும் கைக்கு வராது. அவன் அகலவாய் பாட்டில் ஒன்றில் ஃபார்மலின் ஊற்றினான். துணியில் கனத்துக்காக மூக்காயியின் முட்டை ஒன்றை வைத்துச் சுற்றினான். வேரடியில் அதைப் புதைத்து, மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு வந்தான்.

"மூஞ்சி எப்டிங்க இருந்துச்சி?" என்று அன்று அம்சவள்ளி கேட்டாள்.

"பாக்கல" என்றான்.

அதெல்லாம் இப்போது நினைத்து என்ன ஆகப்போகிறது என்று காசிநாதன் சிலைடை மாற்றினான். ஒரு கோழி மூளையை வைத்தான். ஜன்னல் கம்பிகள் தெரிந்தன, கம்பிக்குப் பின்னால் வெறும் வானம். மரம் இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு கோழி சிலைடை வைத்தான். இல்லை. மறுபடி அந்தப் புதுச் சிலைடை வைத்தான். அவசரத்தில் கண்ணாடி தட்டில் மோதிக் கிணுங்கியது.

மரம் வந்தது. இலைகள் அசைந்தன. மரத்தடியில், வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில், முதலில் பார்த்தபோது இல்லாத ஏதோ ஒன்று சின்னதாக இருந்தது.

சாயத்தில் கலந்த தூசி என்று சொல்லிக்கொண்டான். அவன் விஞ்ஞானம் படித்தவன், இப்படி ஆயிரம் தூசியைப் பார்த்தவன். சிலைடைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடிவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். குடித்துக்கொண்டிருக்கும்போது முன்பக்கம் இலைகள் சலசலக்கும் சத்தம் கேட்டது. ஐந்தாறு வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம், காற்றடித்தால் அந்த மரம் முழுசாக ஒரு பக்கம் சாய்ந்து எழும் சத்தம். சொம்பை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். ரோட்டில் காற்றே இல்லை. அடிக்கட்டையின் மேல் ஒரு ஓணான் கழுத்தை ஆட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் பார்க்கக்கூடாது என்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். பார்த்தான். அந்தச் சின்னது மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. முதுகு இந்தப் பக்கம். அதற்கடுத்த நாள் மரத்தைவிட்டு ஒரு கை அளவுக்கு முன்னால் வந்திருந்தது. உட்கார்ந்தபடி நகரும் குழந்தை எப்படி நகருமோ அப்படி, மண்ணில் கோடு இழுத்திருந்தது. அவன் கண்ணை எடுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அங்கே மண்ணில் கோடு எதுவும் இல்லை. மறுபடி மறுபடி பயந்துதான் பார்த்தான். பார்க்காமல் இருந்தால் அது எவ்வளவு கிட்டே வந்திருக்கிறது என்று தெரியாதே என்ற பயம்.

சிலைடை உடைத்துப் போட்டுவிடலாம் என்று ஒருமுறை சுத்தியலை எடுத்தான். சவரக் கத்தியால் சீவியது அவனே. இரண்டாம் முறையும் அதைச் சிதைப்பதா என்று தோன்றியது. சுத்தியலை வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூக்காயி வந்தாள். பஸ் ஓட ஆரம்பித்திருந்தது, ஆனாலும் மறுபடி மறியல் வரும் என்று ஊரெல்லாம் பேச்சு, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரவே எல்லோரும் பார்த்தார்கள். வழக்கமாக வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு உரக்கக் கூப்பிடுகிறவள் அன்றைக்குக் கூடையை இறக்கவே இல்லை. கையை நீட்டினாள். உள்ளங்கையில் முட்டை ஓடு.

"மரத்தடியில மண்ணு கலைஞ்சி கெடந்துது சார். நாயி கீயி தோண்டிச்சோன்னு பாத்தேன். இது கெடந்துது. என் கரிக்கோடு போட்ட முட்ட."

காசிநாதன் ஓட்டைப் பார்த்தான். மண் ஒட்டிய ஓட்டில் கறுப்புக் கோடு அழியாமல் இருந்தது. மேல்பக்கம் மூடி திறந்தாற்போல வட்டமாக உடைந்திருந்தது.

"நாயி ஒடச்சா நசுங்கியிருக்கும். இது உள்ளேருந்து ஒடச்சது" என்றாள் மூக்காயி. அவள் குரல் இறங்கியிருந்தது. "மண்ணுக்குள்ள எந்த முட்ட பொரிக்கும்? இது எப்டி சார் அங்க போச்சி? அப்போ அது எங்க?"

"எது?"

"நான் உங்க கையில குடுத்தது."

அவன் என்னவோ உளறினான். நரி இழுத்துப் போயிருக்கும் என்றான். மூக்காயி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக, மேஜை இருக்கும் அறையின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓட்டை வாசற்படியில் வைத்தாள். முட்டையும் தரவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை. பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் சங்கராபுரம் பக்கமாக வேகமாக நடந்தாள், திரும்பிப் பார்க்காமல்.

அவன் திரும்பினான். அம்சவள்ளி நடுக்கதவில் நின்றிருந்தாள்.

வாரக்கணக்கில் கட்டிலைவிட்டு எழாதவள் தலை சீவிப் பின்னியிருந்தாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். பின்னலில் இளஞ்சிவப்பாக, பஞ்சு மாதிரி ஒரு பூ. அந்தப் பூவை அவனுக்குத் தெரியும். கோடையில் வாசலெல்லாம் உதிர்ந்துகிடக்கும். இது கோடை இல்லை. பூக்கிற மரமும் இல்லை.

"எங்கங்க என் பொண்ணு?"

"அம்சா, நீ போயி படு. அவ எதையோ பாத்துட்டு..."

"காட்டுங்க."

அவள் மேஜை இருக்கும் அறைக்குள் போனாள். அவன் பின்னாலேயே போனான். என்ன செய்வது என்று தெரியாமல், அன்றைக்குச் செய்த அதே காரியத்தைச் செய்தான். பெட்டியிலிருந்து கோழி மூளை சிலைடு ஒன்றை எடுத்து மாட்டி, இதுதான் என்றான்.

அம்சவள்ளி முந்தானையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பழகிய கையாக அடிக்கண்ணாடியைத் தொட்டுக் கொஞ்சம் திருப்பினாள்.

"இது கோழி" என்றாள். "இதுல மரம் இல்ல."

காசிநாதன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் நான் தெனம் பாத்துக்கினுதான் இருக்கேன்" என்று அவள் சொன்னாள். கோபம் இல்லை. பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது, அதுதான் அவனைக் கலக்கியது. "மொதல்ல மரத்த கட்டிக்கினு ஒக்காந்திருந்தா. அப்புறம் இப்டி திரும்புனா. கண்ணு தெறந்துகிச்சி. உங்களத்தான் பாத்துக்கினு இருக்கா. உங்களுக்குத் தெரியல?"

"என்ன மன்னிச்சுடு அம்சா."

"மரத்த வெட்டச் சொன்னதும் நீங்கதான். ஜன்னல்லேருந்து கேட்டுக்கினுதான் இருந்தேன்." அவள் பின்னலைத் தொட்டு அந்தப் பூவைச் சரிசெய்தாள். "போவட்டும். அவ பசியோட இருக்கா."

கட்டிலில் போய்ப் படுத்தாள். இந்த முறை சுவர் பக்கம் திரும்பவில்லை, வாசல் பக்கம் பார்த்துப் படுத்தாள்.

அவளை விட்டு அங்கே இங்கே நகரக்கூடாது என்று காசிநாதன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். விடிந்ததும் சின்னசேலத்துக்குப் போய் அவள் அம்மாவைக் கூட்டிவந்துவிட வேண்டும். அதற்கு முன்னால் பாட்டிலையும் சிலைடுகளையும் எடுத்துப்போய், அவன் கையால், அவள் பார்க்கவே, வேரடியில் வைத்துவிட வேண்டும். காலில் விழ வேண்டும் என்றாலும் விழுந்துவிட வேண்டும். அவள் தன்னை விட்டுப் போகாமல் இருந்தால் போதும். மழை வந்தது. கூரை ஓட்டின் மேல் விழுந்த மழையோடு சேர்ந்து நெற்றுகள் விழும் சத்தமும் கேட்டது, டக், டக், என்று ஒவ்வொன்றாக, முன்பெல்லாம் காய்ந்த தூங்குமூஞ்சிக் காய் ஓட்டில் விழுவது போலவே. அவன் காதைப் பொத்திக்கொண்டான். எத்தனை ராத்திரி சரியாகத் தூங்கவில்லையோ, பொத்திய கையோடே தலை தொங்கிவிட்டது.

அவனை எழுப்பியது வாசனை. ஃபார்மலின். மூக்கின் உள்ளே ஊசியாகக் குத்தியது.

கட்டில் காலி.

பாட்டிலை ஒளித்துவைத்திருந்த அலமாரி திறந்திருந்தது. பாட்டில் இல்லை. வாசற்கதவு விரியத் திறந்து ஆடிக்கொண்டிருந்தது. மழை விட்டிருந்தது, இன்னும் பொழுது இருந்தது, மேற்கே மலைப்பக்கம் மேகத்துக்கு அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. "அம்சா" என்று கத்திக்கொண்டே ரோட்டுக்கு ஓடினான். அடிக்கட்டையின் மேல் பாட்டில் இருந்தது. மூடி திறந்து. உள்ளே ஃபார்மலின் மட்டும் பாதி. கீழே வேரடியில் யாரோ கையால் தோண்டிய குழி. குழிக்குள் எதுவும் இல்லை. சேற்றில் அவளுடைய காலடித் தடம் வீட்டிலிருந்து கட்டை வரைக்கும் வந்திருந்தது.

கட்டையிலிருந்து எங்கேயும் போகவில்லை.

மதகு வரை ஓடினான். திரும்பி எதிர்ப்பக்கம் ஓடினான். கரும்புக்குள் புகுந்து கத்தினான். ரோட்டில் ஒரு ஜனம் இல்லை, ஒரு வண்டி இல்லை. அவன் குரல் அவனுக்கே கேட்டது. அம்சா. அம்சா. தலைக்கு மேலே இலைகள் சலசலத்தன. நிமிர்ந்து பார்த்தான். வானம்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. புரியக்கூடாது என்று நினைத்தான். புரிந்துவிட்டது.

வீட்டுக்குள் போனான். மைக்ராஸ்கோப்பில் கோழி மூளை இல்லை, அந்தச் சிலைடு இருந்தது. அவன் மாட்டவில்லை. அடிக்கண்ணாடி ஜன்னலைப் பார்த்துச் சரியாகத் திருப்பி வைத்திருந்தது. ஜன்னல் கதவும் திறந்திருந்தது.

குனிந்தான்.

மரம். மழையில் நனைந்து பளபளக்கும் மரம். அதன் அடியில் பச்சைச் சேலை. அம்சவள்ளி மரத்தில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் முந்தானையால் மூடிய ஒன்று. அவள் குனிந்து அதனோடு பேசிக்கொண்டிருந்தாள், முன்பெல்லாம் அவனிடம் பேசுவது போல, ஓயாமல். சத்தம் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"அம்சா! இங்க பாரு! அம்சா!"

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினான். வெளியே கட்டையும் பாட்டிலும். உள்ளே வந்து கண்ணை வைத்தான். அவள் அங்கேயே இருந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கண்ணாடி ஒரு மயிரிழை நகர்ந்தால் அவள் போய்விடுவாள். மேஜையைத் தொடவே பயந்தான். மூச்சை மெதுவாக விட்டான். கண்ணீர் கண்வில்லையில் பட்டு எல்லாம் கலங்கித் தெரிந்தது. துடைக்கவும் பயம்.

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

இந்த மைக்ராஸ்கோப்புக்கு விளக்கு கிடையாது. பொழுது போனால் அவளும் போவாள். அவன் வாழ்நாளில் சூரியனிடம் எதுவும் கேட்டதில்லை, இப்போது கேட்டான். கொஞ்சம் இரு. இன்னும் கொஞ்சம். மரத்தில் இலைகள் மூட ஆரம்பித்தன. தூங்குமூஞ்சி மரம் பொழுது சாய்ந்தால் இலையை மூடிக்கொள்ளும். ஜோடி ஜோடியாக. கீழ்க்கிளையிலிருந்து மேலே. ஒவ்வொரு கொத்தாக.

அம்சவள்ளி எழுந்தாள். மடியில் இருந்ததை இடுப்பில் வைத்துக்கொண்டாள். நேராக அவனைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிறவள் காட்டுவாளே, அப்படி விரலை நீட்டி அவனைக் காட்டினாள். உதடு அசைந்தது. அதை மட்டும் அவனால் படிக்க முடிந்தது.

அதோ பாரு, அப்பா.

இடுப்பில் இருந்தது திரும்பியது.

முகம் இருந்தது. அவன் பார்க்கவில்லை என்று சொன்ன முகம். அம்சவள்ளியின் மூக்கு, அவனுடைய நெற்றி. நெற்றிக்கு மேலே எதுவும் இல்லை. அவன் கத்தி போன இடம். கிண்ணம்போலத் திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு.

அது அவனைப் பார்த்துச் சிரித்தது.

அவள் அதைக் கீழே இறக்கிவிட்டாள். தவழ்ந்தது. வேகமாக. மரத்தைவிட்டு, ரோட்டைத் தாண்டி. பெரிதாகிக்கொண்டே. ஊதாப் புள்ளிகளின் மேலாக, அதனுடைய சொந்த மூளையின் மேலாகவே தவழ்ந்து வந்தது. ஜன்னல் கம்பி. கம்பியைப் பிடித்து எழுந்து நின்றது. வட்டம் முழுக்க அதுதான். கம்பிக்குள் இரண்டு கையையும் நுழைத்து நீட்டியது. தூக்கிக்கொள்ளச் சொல்லும் குழந்தை நீட்டுவது போல.

கடைசி இலையும் மூடியது. வட்டம் கறுத்தது.

இருட்டில் காசிநாதன் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் ஜன்னலைப் பார்க்க வேண்டும். கிராம்பு வாசனை வந்தது, இடது பக்கத்திலிருந்து, ஈரத்தோடு. கம்பி லேசாகக் கிணுங்கியது. ஜன்னல் அவனுக்கு இடது பக்கத்தில், ஒரு கை தூரத்தில்தான் இருந்தது.